விருந்து நிகழ்ச்சிக்கு யோய்க் பாடகரை அழைத்தால் எதைக் கவனிக்க வேண்டும்?

நார்வேயின் வடக்கே ட்ரோம்சோவில் உங்கள் நிறுவனம் நடத்தும் விருந்தில், வட ஐரோப்பாவின் பழங்குடிகளான சாமி இனத்துப் பாடகர் ஒருவரை யோய்க் பாட வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். யோய்க் என்பது ஒரு மனிதரையோ மலையையோ குரலில் கொண்டுவரும் அவர்கள் மரபுப் பாட்டு. தாராளமாக அழையுங்கள், ஆனால் சாப்பாடு ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும் பாட வைக்காதீர்கள்.

இங்கே ஒரு ஓட்டல் விருந்தில் அப்படித்தான் செய்தார்கள். பாட வந்த பெண் பக்கவாத்தியம் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை, மைக்கும் வேண்டாம் என்றுவிட்டார். சிவப்புக் கரை வைத்த நீல காக்தி (சாமி மரபு உடை), மார்பில் வெள்ளி அணி. வந்து நின்றவர் அறிமுகம் எதுவும் இல்லாமல், நாலைந்து சுரத்துக்குள் சுற்றிச் சுற்றி வரும் ஒரு மெட்டை அடித்தொண்டையில் எடுத்தார். சொற்கள் கொஞ்சம்தான், மற்றதெல்லாம் 'லோ, லா' என்கிற அசைகள். யோய்க்குக்குத் தொடக்கம், முடிவு என்று கிடையாது, பாடுபவர் நிறுத்துகிற இடத்தில் நின்றுவிடும். கத்தியும் முட்கரண்டியும் தட்டில் மோதுகிற சத்தத்தில் அவர் நிறுத்தியதே பாதிப் பேருக்குத் தெரியவில்லை. எனக்கு ஆறவே இல்லை.

அப்புறம், எந்த யோய்க்கைப் பாடுவது என்பதை அவரிடமே விட்டுவிடுங்கள். ஒரு மனிதருக்காக உருவான யோய்க், அதை உருவாக்கியவருக்கு அல்ல, அந்த மனிதருக்கே சொந்தம் என்பது அவர்கள் மரபு. அதனால் இதை இங்கே பாட மாட்டேன் என்று அவர் சொன்னால் வற்புறுத்தாதீர்கள்.

சாமி மக்களின் பழைய சடங்கு மேளத்தை நினைத்து, 'மேளமும் கொண்டு வாருங்கள், பார்க்க நன்றாக இருக்கும்' என்று கேட்கும் ஏற்பாட்டாளர்கள் உண்டு. அவர் தானாகக் கொண்டு வந்தால் சரி. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் அந்த மேளங்களைப் பேய் வழிபாடு என்று சொல்லிப் பாதிரியார்களும் அதிகாரிகளும் பறித்தார்கள், எரித்தார்கள். ஆண்டர்ஸ் பவுல்சன் என்ற சாமி முதியவரிடம் 1691இல் பிடுங்கிய மேளம் டென்மார்க்கின் கைக்குப் போய், 2022இல்தான் நார்வேயின் கராஷோக்கில் உள்ள சாமி அருங்காட்சியகத்துக்குச் சொந்தமானது. யோய்க்கையே பாவம் என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட மேளத்தை மேடை அலங்காரமாகக் கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இசைக்குழுவோடு பாடுபவர்களும் நிறைய உண்டு. நில்ஸ் அஸ்லாக் வால்கேப்பா 1968லேயே வாத்தியங்களோடு யோய்க் இசைத்தட்டு போட்டார், மாரி பொய்னே ராக், ஜாஸ் பக்கம் கொண்டு போனார். ஆட்டம் பாட்டம் வேண்டுமென்றால் அப்படி ஒரு குழுவைப் பிடிக்கலாம். ஆனால் உங்கள் விருந்தாளிகள் முதல்முறை கேட்கப் போகிறவர்கள் என்றால் என் ஓட்டு தனிக்குரலுக்குத்தான். தட்டுகளை எடுத்த பிறகு பதினைந்து, இருபது நிமிடம் போதும். ஒவ்வொன்றும் யாருடையது, எந்த மலையுடையது என்று அவரே இடையில் இரண்டு வார்த்தை சொல்ல நேரம் கொடுங்கள்.

தேதியை மட்டும் சீக்கிரம் பேசிவிடுங்கள். பிப்ரவரி 6 சாமி தேசிய நாள், ஈஸ்டருக்கு கவுட்டோகெய்னோ ஊரில் சாமி விழா, ஜூலையில் ரித்து ரித்து என்ற இசை விழா. அந்த நாட்களில் நல்ல பாடகர்கள் கிடைப்பது கஷ்டம்.