சென்னை ஆளுநர் பட்டியல்: நை பெயரை நீக்கிவிடாதீர்கள்

வணக்கம் ஐயா. 1947 ஆகஸ்ட் 15க்குப் பிறகும் சென்னை மாகாண ஆளுநர் இடத்தில் ஆங்கிலேயர் பெயர் இருப்பது அச்சுப்பிழையா என்று கேட்டிருந்தீர்கள். பிழையே இல்லை. 1946இல் வந்த சர் ஆர்ச்சிபால்டு நை, விடுதலைக்குப் பின்னும் 1948 செப்டம்பர் வரை பதவியில் நீடித்தார். பம்பாயிலும் ஜான் கோல்வில் 1948 ஜனவரி வரை இருந்தார்.

நைக்கு அடுத்து வந்தவர் பாவ்நகர் மகாராஜா கிருஷ்ணகுமார்சிங்ஜி. அவரை "முதல் இந்திய ஆளுநர்" என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடாதீர்கள். பொதுஅறிவு நூல்கள் பல இங்கேதான் சறுக்குகின்றன. 1934இல் முகமது உஸ்மானும், 1936இல் கூர்மா வெங்கட ரெட்டி நாயுடுவும் தற்காலிக ஆளுநர்களாக இருந்திருக்கிறார்கள். "விடுதலைக்குப் பின் முதல் இந்தியர்" என்று போடுங்கள், வம்பில்லை.

உஜ்ஜல் சிங் பெயர் இருமுறை வருவதும் சரிதான்: 1969 ஜனவரி 14 அன்று மாநிலத்தின் பெயர்தான் மாறியது, ஆளுநர் மாறவில்லை.