ஒடியல் பிட்டின் கசப்பைப் போக்குவது

வணக்கம் சகோதரி. புதுக்குடியிருப்பிலிருந்து மச்சாள் தந்துவிட்ட ஒடியல் மாவில் பிட்டு அவித்தபோது, அது கசந்ததோடு கட்டி கட்டியாகவும் வந்ததாக எழுதியிருந்தீர்கள். மாவில் பழுதில்லை, அரிசிமாவுக்குச் செய்வதுபோல நேரடியாகச் சுடுநீர் விட்டுக் குழைத்ததே காரணம்.

ஒடியல் பச்சைப் பனங்கிழங்கைக் காயவைத்து எடுப்பதாகையால் அதன் கசப்பு மாவிலும் இருக்கும். எனவே அகன்ற சட்டியில் மாவை நிறையப் பச்சைத் தண்ணீரில் கரைத்து, மா அடியில் படியும்வரை அசைக்காமல் வைத்து, மேலே நிற்கும் மஞ்சள் நீரை மெல்ல வடித்துவிட்டு மீண்டும் புதுநீர் விடுங்கள். எங்கள் முள்ளியவளை வீட்டில் இதனை 3 தடவை செய்வோம். கடைசியில் சிறிது மாவை நாக்கில் வைத்துப் பார்ப்பதுதான் அம்மாவின் அளவுகோல்.

பிறகு வெள்ளைத் துணியில் கட்டி, நீர் சொட்டுவது நிற்கும்வரை பிழியுங்கள். இதில் அவசரப்பட்டால் பிட்டு களியாகிவிடும். ஈரம் போதுமாதலால் தண்ணீர் சேர்க்காமல் உப்பிட்டு உதிர்த்து, கட்டிகளைச் சுண்டு எனும் அளவுப் பேணியின் விளிம்பால் கொத்தி, தேங்காய்ப்பூ (துருவிய தேங்காய்), முருங்கையிலை, பச்சைமிளகாய், கிடைத்தால் சிறு இறாலும் கலந்து, பனையோலையில் பின்னிய நீத்துப்பெட்டியில் ஆவி நன்றாக மேலெழும்வரை அவியுங்கள். மச்சாளிடம் மாவைக் குறைசொல்லியிருக்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.