தோலில் வரும் புற்றுநோய்: கேளுங்கள், சொல்கிறேன்

மட்டக்களப்பில் ஒபரேஷன் தியேட்டர் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கத்தி, தையல், வெட்டும் முறை பற்றிக் கேளுங்கள். படம் அனுப்பி "இது கென்சரா?" என்று மட்டும் கேட்க வேண்டாம். நேரில் பார்க்காமல் அதைச் சொல்லக் கூடாது.

களுவாஞ்சிக்குடியிலிருந்து: அம்மாவின் மூக்கில் கடுகளவு கட்டி. பயொப்சியில் (சிறு துண்டு எடுத்துப் பார்க்கும் சோதனை) 'பேசல் செல்' வகைத் தோல் புற்றுநோய் என்று வந்திருக்கிறது. கடுகளவுக்கு ஏன் இவ்வளவு பெரிய வெட்டு, மிஸ்?

மகன், கண்ணுக்குத் தெரிவதைவிட அது தோலுக்குள் அகலமாகப் பரவியிருக்கலாம். ஆபத்துக் குறைந்த சிறிய பேசல் செல் என்றாலே சுற்றிவர 4 மில்லிமீற்றர் நல்ல தோலையும் சேர்த்து எடுப்பார்கள். ஸ்குவேமஸ் என்ற இன்னொரு தோல் புற்றுநோய் வகைக்கு 4 முதல் 6 மில்லிமீற்றர். விறைப்பு ஊசி போட்டதும் தோல் உப்பி எல்லை மறைந்துவிடும், அதனால் பேனையால் முதலே கோடு போடுவார்கள். அந்த ஊசியில் லிக்னோகெயினோடு அட்ரினலினும் இருக்கும். தோல் வெளிறி இரத்தம் குறையும் வரை சில நிமிடம் பொறுத்திருந்துதான் 15ஆம் இலக்க பிளேடை எடுப்பார்கள்.

முதுகு, கை என்றால் கண் வடிவில், அகலத்தைப் போல மூன்று மடங்கு நீளத்தில் வெட்டி நேராகத் தைக்கலாம். நீளம் போதாவிட்டால் இரு முனையிலும் தோல் துருத்தி நிற்கும். மூக்கில் இழுத்துத் தைக்க அவ்வளவு தோல் இல்லை. அதனால் பக்கத்துத் தோலைத் திருப்பி மூடுவார்கள், இல்லையென்றால் காதுக்குப் பின்னாலிருந்து எடுத்து ஒட்டுவார்கள்.

வெட்டிய துண்டின் ஒரு முனையில் நூல் கட்டித்தான் போமலின் (துண்டு கெடாமல் வைக்கும் திரவம்) போத்தலில் போடுவோம். ஓரத்தில் நோய் மிச்சமிருந்தால், எந்தப் பக்கம் என்று அந்த நூல்தான் காட்டும். ரிப்போர்ட்டை வாங்காமல் இருந்துவிடாதீர்கள்.

காத்தான்குடியிலிருந்து: மோஸ் முறை என்கிறார்களே?

அமெரிக்காவில் பிரெடெரிக் மோஸ் 1930களில் தொடங்கியது. பிளேடைச் சாய்த்துத் தட்டுப் போல மெல்லிய படையாக எடுத்து, உறையவைத்து, ஓரம் முழுவதையும் மைக்கிரஸ்கோப்பில் பார்ப்பார்கள். நோய் தெரிந்த இடத்தில் மட்டும் மறுபடி வெட்டுவார்கள். நல்ல தோல் வீணாகாது. மூக்கு, கண்ணிமைக்கு மிகவும் நல்ல முறை. உங்களுக்குத் தேவையா என்பதை சேர்ஜனிடம் கேளுங்கள்.

அம்பாறையிலிருந்து: சீனி வருத்தம் இருக்கிறது. வெட்டலாமா?

கிளினிக்கில் சொல்லுங்கள், பார்த்துச் செய்வார்கள். குளிசைகளை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

திருக்கோவிலிலிருந்து: கத்தி பட்டால் பரவும். பெரியப்பாவின் உள்ளங்காலை வெட்டினார்கள், அதற்குப் பிறகு அதிக நாள் இருக்கவில்லை.

பெரியப்பாவை இழந்த துயரம் புரிகிறது, தம்பி. ஆனால் கத்தி பட்டதால் அது பரவவில்லை. மெலனோமா (தோலுக்கு நிறம் தரும் செல்களில் வரும் புற்றுநோய்) என்றால் அதன் ஆழம்தான் கணக்கு. 1 மில்லிமீற்றருக்குள் இருந்தால் சுற்றிவர 1 சென்ரிமீற்றர் எடுப்பார்கள், 2 மில்லிமீற்றரைத் தாண்டினால் 2 சென்ரிமீற்றர். நம் நிறத் தோலில் அது உள்ளங்காலிலும் நகத்தடியிலும்தான் அதிகம் வரும். வயலில் முள்ளுக் குத்தியது என்று விட்டுவிடுகிறார்கள்.

அதே தம்பி: அப்படியானால் சுண்ணாம்பும் சோடாவும் வைத்துக் கட்டியைக் கரைத்தவர்கள் நன்றாக இருக்கிறார்களே?

அது சாதாரண மச்சமாக இருந்திருக்கும். கென்சர் என்றால் மேலே வெந்து ஆறிவிடும், அடியில் வளர்ந்துகொண்டே இருக்கும். சோதிக்க ஒரு துண்டுகூட மிஞ்சாது. அதைத்தான் நான் மன்னிக்க மாட்டேன். எதை வெட்டினாலும் போத்தலில் போட்டு சோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

ஏறாவூரிலிருந்து: பயொப்சி எடுத்தாலும் பரவுமா?

பரவாது.

வாழைச்சேனையிலிருந்து: ஊசி குத்தினால் பரவுமா?

பரவாது. மேலே வாசியுங்கள்.

அக்கரைப்பற்றிலிருந்து: வாப்பாவின் காலில் பழைய எரிகாயத் தழும்பு. அதில் ஆறாத புண், மாதக்கணக்காக மருந்து கட்டுகிறோம்.

இதைத் தள்ளிப்போடாதீர்கள், மகள். பழைய தழும்பில் ஸ்குவேமஸ் புற்றுநோய் வரலாம், அதற்கு மாஜொலின் புண் என்று பெயர். புண்ணின் ஓரத்திலிருந்து பயொப்சி எடுக்க வேண்டும். இந்தக் கிழமையே சேர்ஜரி கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கள்.

கல்முனையிலிருந்து: மச்சத்தை லேசரில் எடுக்கலாமா?

டொக்டர் பார்த்துச் சாதாரண மச்சம்தான் என்று சொன்ன பிறகு எடுங்கள். அதற்கு முன் வேண்டாம். லேசரும் சோதனைக்கு ஒன்றும் மிச்சம் வைக்காது.