காஃபா வகுப்பு பிள்ளையின் கற்பனைத்திறனைக் குறைக்குமா?

காலையில் பள்ளி, மதியம் காஃபா (மலேசியாவில் முஸ்லிம் பிள்ளைகளுக்குக் குர்ஆனும் மார்க்கக் கடமைகளும் கற்பிக்கும் வகுப்பு). எந்நேரமும் மனப்பாடம்தான், பையனுக்குச் சொந்த யோசனையே வராமல் போய்விடுமோ என்று ஜார்ஜ்டவுனிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கவலை நியாயமானது. ஆனால் குர்ஆனை மனதில் இருத்துவதைக் குறை சொல்ல மாட்டேன். அதோடு நின்றுவிடுவதுதான் பிரச்சினை.

காஃபா பாடத்திட்டத்திலேயே சீராவும் (நபியின் வாழ்க்கை வரலாறு) அதபும் (நல்லொழுக்கம்) ஜாவி எழுத்தும் (அரபு எழுத்தில் மலாய்) கத் கலையும் (அழகெழுத்து) இருக்கின்றன. தேர்வு நெருங்கினால் இவை வெறும் விடைகளாகச் சுருங்கிவிடுகின்றன. அந்த இடத்தை வீட்டில் நீங்கள் நிரப்பலாம்.

ஹுதைபிய்யா உடன்படிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். நபி (ஸல்) அவர்களுக்கும் மக்காவின் குறைஷிக் குலத்தாருக்கும் இடையே 628-ல் நடந்த சமாதான ஒப்பந்தம் அது. அதில் நபியின் பெயரோடு எழுதப்பட்ட 'அல்லாஹ்வின் தூதர்' என்ற சொற்களைக் குறைஷியர் ஏற்கவில்லை. உடன்படிக்கையை எழுதிய நபித்தோழர் அலி (ரலி) அவற்றை அழிக்க மனம் வராமல் நின்றார். நபி (ஸல்) அவர்களோ சமாதானத்துக்காக அதை அழிக்கச் சம்மதித்தார்கள். "அலியின் இடத்தில் நீ இருந்தால் என்ன செய்திருப்பாய்?" என்று பையனிடம் கேட்டுப் பாருங்கள். ஆண்டை மட்டும் கேட்டால் ஒரு எண் வரும். இதைக் கேட்டால் பொறுமை, மானம், விட்டுக்கொடுப்பது என்று பேச்சு நீளும். குணம் வளர்வது அந்தப் பேச்சில்தான்.

அப்புறம், கையில் காம்பஸும் அளவுகோலும் கொடுங்கள். ஒரு வட்டம் வரைந்து, சுற்றளவை எட்டுச் சம பாகமாகப் பிரித்து, ஒரு புள்ளி விட்டு ஒரு புள்ளியாக இணைக்கச் சொல்லுங்கள். இரண்டு சதுரங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து எட்டுமுனை நட்சத்திரம் வரும். பள்ளிவாசல் அலங்காரங்கள் பலவற்றுக்கும் இதுவே அடிப்படை. விதி ஒன்றுதான், அதிலிருந்து எத்தனை கோலம் பிறக்கும் என்பதை அவனே வரைந்து பார்க்கட்டும்.

காஃபா ஆசிரியரான உஸ்தாதிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். கேள்வி கேட்கும் பிள்ளையை அவர் அடக்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.