எஸ்தரின் கொண்டைக்கடலையும் ரூத்தின் வாற்கோதுமையும்

கேள்வி: யூத வேதத்தில் வரும் பெண்களை நினைத்து ஒரு விருந்து சமைக்க ஆசை. கறி, முட்டை, பால் எதுவும் கூடாது. முடியுமா?

தாராளமாக முடியும். ஆனால் ‘சாராள் சூப்’, ‘ராகேல் சாலட்’ என்று சும்மா பெயரை ஒட்டிவிடாதீர்கள். கதையிலேயே சாப்பாடு வரும் பெண்களாகப் பார்த்து எடுங்கள்.

நான் எஸ்தரிலிருந்துதான் தொடங்குவேன். தான் யூதப் பெண் என்பதை மறைத்துக்கொண்டு பாரசீக அரண்மனையில் இருந்தவள். அங்கே அவளுக்கு என்ன சாப்பாடு போட்டார்கள்? தல்மூத் என்ற பழைய யூத மத நூலில், மெகில்லா என்ற பகுதியில் மூன்று யூத குருமார்கள் மூன்று பதில் சொல்கிறார்கள். யூதச் சாப்பாடுதான் என்கிறார் ராவ். பன்றிக்கறி என்று போட்டு உடைக்கிறார் ஷ்முவேல். யோகனானோ, வேதத்தில் வரும் தானியேல் சாப்பிட்டது போல விதைகளும் பயறுகளும் என்கிறார். ஜனங்கள் பிடித்துக்கொண்டது இந்த மூன்றாவதை. எஸ்தரின் கதையைக் கொண்டாடும் பூரிம் பண்டிகையில் பயறும் கசகசாவும் தின்பதற்குச் சொல்லப்படும் காரணம் இதுதான்.

கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் அன்றைக்குச் செய்யும் கொண்டைக்கடலைக்கு நஹித் என்று பெயர். பக்கத்து வீட்டு யூதப் பாட்டி செய்வதைப் பார்த்துதான் கற்றுக்கொண்டேன். வெள்ளைக் கொண்டைக்கடலையை ராத்திரியே ஊறவைத்து, விரலால் நசுக்கினால் மசியும் அளவுக்கு வேகவைத்து, தண்ணீரை ஒட்ட வடித்து, சூடு ஆறுவதற்குள் உப்பும் கரகரப்பாக இடித்த மிளகும் நிறையப் போட்டுக் குலுக்க வேண்டும். அவ்வளவுதான். எனக்குக் கடுகு தாளிக்கக் கை பரபரத்தது. “அது உன் ஊர் சுண்டல், இது வேற” என்று பாட்டி கையைத் தட்டிவிட்டார்.

கசகசாவை வைத்து மடிக்கும் முக்கோணப் பலகாரம் ஹாமன்டாஷ். வெண்ணெய்க்குப் பதில் எண்ணெய் விட்டு, முட்டை இல்லாமல் மாவு பிசையலாம். பூரணத்தை அள்ளி வைத்தால் அடுப்பில் வாயைப் பிளந்துவிடும், ஒரு டீஸ்பூன் போதும்.

அடுத்து அபிகாயில். தன் கணவன் மேல் கோபத்தோடு வந்த தாவீதை, அதாவது பின்னால் ராஜாவானவரை, சமாதானப்படுத்த அவள் கழுதைகள் மேல் ஏற்றி அனுப்பியதில் 200 அத்திப்பழ அடைகளும் 100 திராட்சை வற்றல் குலைகளும் உண்டு. சமைத்த ஆடுகள் ஐந்தும் உண்டு, அதை நாம் கண்டுகொள்ள வேண்டாம். உலர்ந்த அத்தியை வால்நட்டோடு இடித்துத் தட்டினால் இனிப்பு தயார்.

ரூத்தை விடவே கூடாது. அவள் கதையை வாசிக்கும் ஷாவுவோத் பண்டிகையில் வீட்டுக்கு வீடு சீஸ் கேக்தான். வேடிக்கை என்னவென்றால், வயலில் ரூத் சாப்பிட்டதில் பாலே இல்லை. வாற்கோதுமை அறுப்புக் காலம். கதிர் பொறுக்க வந்தவளை வயலின் சொந்தக்காரன் போவாஸ் கூப்பிட்டு, அப்பத்தைக் காடியில் தோய்த்துச் சாப்பிடச் சொல்கிறான். காடி என்றால் வினிகர். கூடவே வறுத்த தானியமும் கொடுக்கிறான்.

நான் செய்வது இதுதான்: ஒரு கப் பார்லியை வெறும் வாணலியில் வாசம் வரும்வரை வறுத்து, மூன்று கப் தண்ணீரில் வேகவைத்து, ஆறியதும் வினிகர், ஆலிவ் எண்ணெய், வெள்ளரிக்காய், புதினா, உப்பு சேர்ப்பேன். முதல் தடவை தீயைக் கூட்டிவைத்துவிட்டுப் போனைப் பார்த்தேன், பாதி கருகிப்போனது. மிதமான தீதான் சரி.

அளவு மட்டும் கொஞ்சம் கூடுதலாகவே வையுங்கள். ரூத்தும் வயிறு நிறையச் சாப்பிட்டு, மீந்ததை மாமியார் நகோமிக்கு எடுத்துப் போகிறாள். அப்புறம், வினிகர் ஊறிய பார்லி மறுநாள்தான் இன்னும் ருசி.