ஏரிக்கரை மனமகிழ் மன்றத்துக்கு ஊர்ப் பணமா? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் ஏரிக்கரையில் உறுப்பினர்கள் மட்டும் நுழையக்கூடிய மனமகிழ் மன்றம் ஒன்று இருக்கிறது. அதை இடித்துவிட்டு நீச்சல் குளம், படகுத் துறை, உணவகத்தோடு புதிதாகக் கட்ட மாநகராட்சி நிதி தரப்போவதாகப் பேச்சு. தெருவில் எல்லோருக்கும் கோபம். எங்கிருந்து தொடங்குவது? (வாசகர், காட்பாடி)

பதில்: சுவரொட்டி அப்புறம், முதலில் காகிதம். 'பேச்சு' என்று சொல்லிக்கொண்டு போனால் எந்த மேசையிலும் எடுபடாது.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மாநகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு வெள்ளைத்தாளில் ஒரு மனு எழுதுங்கள். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, சேர்ந்ததற்கான சான்றோடு விரைவுத் தபாலில் அனுப்புங்கள். 'தனியாருக்கு ஏன் பணம் தருகிறீர்கள்?' என்று கேட்கக் கூடாது. ஏன், எதற்கு என்ற கேள்விக்கு ஆவணம் இல்லை என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். இப்படிக் கேளுங்கள்: இந்தப் பணி தொடர்பான மாநகராட்சி மன்றத் தீர்மானத்தின் எண், தேதி, நகல், நிர்வாக அனுமதி, மதிப்பீடு ஆகியவற்றின் நகல், எந்த நிதித் தலைப்பில் செலவு, இடத்தின் சர்வே எண், குத்தகை உடன்படிக்கை, கடந்த 5 ஆண்டுகளில் செலுத்தப்பட்ட வாடகை, நிலுவை.

கடைசியில் சொன்னதுதான் பல நேரங்களில் வழக்கையே மாற்றும். வாடகை பாக்கி வைத்திருக்கும் குத்தகைதாரருக்குப் பொதுப்பணத்தில் கட்டடமா என்று கேட்டால் மாநகராட்சி மன்றக் கூட்டத்தில் பதில் சொல்வது கடினம். நீச்சல் குளம் ஆடம்பரம் என்று வாதாடினால், 'வேலைவாய்ப்பு வரும், சுற்றுலா வளரும்' என்று பட்டிமன்றம் ஆகிவிடும். சொத்து யாருடையது, கட்டிய பிறகு உள்ளே போகப்போவது யார், இந்த இரண்டை விட்டு நகராதீர்கள்.

பதிலுக்கு 30 நாள் காத்திருங்கள். வரவில்லை என்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதிலும் தீரவில்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். உடன்படிக்கையை 'மூன்றாம் தரப்புத் தகவல்' என்று மறுக்கப் பார்ப்பார்கள். பிரிவு 11-ன்படி மனமகிழ் மன்றத்துக்கு அறிவிப்பு கொடுத்து, கருத்துச் சொல்ல 10 நாள் தந்து, மொத்தம் 40 நாளுக்குள் அலுவலர்தான் முடிவெடுக்க வேண்டும். மனமகிழ் மன்றம் 'வேண்டாம்' என்று சொன்னதாலேயே கதவு மூடிவிடாது.

கேள்வி: மனமகிழ் மன்றத்திடமே நேரடியாகக் கணக்குக் கேட்க முடியுமா? (வாசகர், வாலாஜாபேட்டை)

பதில்: சாதாரணமாக முடியாது, அது தகவல் அறியும் உரிமைச் சட்டம் சொல்லும் பொது அதிகார அமைப்பு அல்ல. ஆனால் அரசிடம் கணிசமான நிதி பெறும் அமைப்பு அந்தச் சட்டத்தின் பிரிவு 2(எச்)-க்குள் வரும். நகரத்தில் நிலத்தை இலவசமாகவோ பெருஞ்சலுகையிலோ தருவதே கணிசமான நிதியுதவி ஆகலாம் என்று டி.ஏ.வி. கல்லூரி வழக்கில் 2019-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதனால் நில மதிப்பையும் வாடகையையும் அருகருகே எழுதிக் காட்டுங்கள்.

கேள்வி: கோவளத்தில் இருக்கும் மைத்துனர், கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதியைச் சொன்னாலே வேலை நின்றுவிடும் என்கிறார். உண்மையா? (வாசகர், சத்துவாச்சாரி)

பதில்: அவர் ஊரில் இருக்கும் கடற்கரைக் கிளப்புக்கு அது சரி. அந்த மண்டலத்துக்கான 2019 அறிவிக்கை கடற்கரைக்கும், கடலின் ஏற்ற இறக்கம் தொடும் நீர்நிலைகளுக்கும் மட்டுமே. நம் பாலாறு வயலூர் அருகே கடல் சேரும் இடத்தில் வேண்டுமானால் பேசலாம்; வேலூரில் எடுபடாது. 2017 சதுப்புநில விதிகளும் இங்கே கைகொடுப்பது அரிது. பாசனத்துக்கென்று வெட்டிய ஏரிகளை அவை விலக்கி வைத்திருக்கின்றன.

உங்களுக்குப் பயன்படுவது 2007-ம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம். ஆனால் அது பொதுப்பணித்துறை (இப்போது நீர்வளத்துறை) வசம் உள்ள ஏரிகளுக்குத்தான். 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டு (பாசன நிலம்) உள்ள ஏரிகள் பொதுவாக ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்தவை; அங்கே 1905-ம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம். ஆகவே வருவாய்த்துறையின் நிலப் பதிவேடான 'அ' பதிவேட்டில் அந்தச் சர்வே எண்ணைப் பாருங்கள். 'ஏரி' என்றோ 'நீர்ப்பிடிப்பு' என்றோ இருந்தால், புலப்படத்தையும் (நில அளவை வரைபடம்) சேர்த்து எடுத்து, கட்டடம் எல்லைக்குள் எவ்வளவு நுழைகிறது என்று அளக்கச் சொல்லி வட்டாட்சியருக்கு எழுதுங்கள்.

பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுக்குப் போவதானால், பிரச்சினை எழுந்த 6 மாதத்துக்குள் போக வேண்டும். அங்கே ஏரியைப் பற்றிப் பேசலாம், நிதி வீணாவதைப் பற்றி அல்ல.

கேள்வி: எங்களுடையது ஊராட்சி. கிராம சபையில் தீர்மானம் போட்டால் போதுமா? (வாசகர், அணைக்கட்டு)

பதில்: ஊராட்சி நிதிக்கு அது வலுவான ஆயுதம், வருவாய்த்துறை நிலத்துக்கு ஓர் ஆதாரம் மட்டுமே. ஆள் குறைந்தால் கூட்டமே செல்லாது: 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50, 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. வெற்றுப் பதிவேட்டில் முன்கூட்டியே கையெழுத்து வாங்கும் வழக்கம் உண்டு. தீர்மானத்தை எழுதி, உரக்க வாசித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்கு 300 கையெழுத்தோடு ஒரே மனு கொடுத்தால் ஒரே பதிவு எண்தான். பத்துப் பேர் தனித்தனியே கொடுத்தால் பத்து எண், பத்துப் பதில்.

கேள்வி: டெண்டர் வந்துவிட்டதே? (வாசகர், ஆற்காடு)

பதில்: ஒப்பந்தப்புள்ளி கொடுக்கத் தந்த அவகாசத்தைப் பாருங்கள். 2 கோடி ரூபாய் வரை குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள். குறைத்திருந்தால் மேலதிகாரி காரணத்தை எழுத்தில் பதிந்து அனுமதித்திருக்க வேண்டும். அந்த நகலைக் கேளுங்கள். டெண்டர் சட்ட மேல்முறையீடு ஒப்பந்தப்புள்ளி கொடுத்தவருக்கே உரியது. உங்களுக்கு உள்ள வழி சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. அதற்கு முன் ஆணையருக்கும் ஆட்சியருக்கும் எழுதிய மனுக்களின் ஒப்புகை கையில் இருக்கட்டும். பணி ஆணை கொடுப்பதற்குள் போய்விடுங்கள். ஜல்லி இறங்கிய பிறகு தடை வாங்குவது பெரும்பாடு.