வைத்தியரைக் கேளுங்கள்: பூனையா, கம்பளியா?

கேள்வி: என் மகனுக்கு வயது 8. மூன்று வருடங்களாக ஆஸ்துமா இருக்கிறது. அண்மையில் செய்த தோல் பரிசோதனையில் தூசி உண்ணிக்கு 7 மில்லிமீற்றர், பூனைக்கு 3 மில்லிமீற்றர் என்றும் புல்லின் மகரந்தத்துக்கு ஒன்றுமில்லை என்றும் எழுதித் தந்தார்கள். இருமலும் இழுப்பும் விடியற்காலையில்தான் வருகின்றன. பூனையை யாருக்காவது கொடுத்துவிட வேண்டுமா? மலைக்காற்றிலேயே இப்படியென்றால் பிள்ளையை வேறெங்கே கொண்டு போவது? தினமும் பம்ப் கொடுத்தால் பழகிவிடும் என்று லயத்தில் சொல்கிறார்கள். அது உண்மையா?
– ஒரு தாய், தலவாக்கலை

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் ஆபத்து அதில்தான் இருக்கிறது. வைத்தியர் தினமும் எடுக்கச் சொன்ன தடுப்பு மருந்தை அவரைக் கேட்காமல் ஒரு நாளும் நிறுத்தாதீர்கள். அது மூச்சுக்குழாயின் உட்புற வீக்கத்தை ஆற்றும் மருந்து, மிகச் சிறிய அளவில் நேரே நெஞ்சுக்குள் போகிறது, அடிமைப்படுத்துவதில்லை. ஸ்பேசர் (பம்பின் வாயில் பொருத்தும் குழல்) வைத்துக் கொடுத்து, பிறகு வாயைக் கொப்பளிக்கச் செய்தால் போதும். விலா எலும்புகளுக்கிடையே தோல் உள்ளிழுத்தாலோ, ஒரு வசனத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் திணறினாலோ, உதடு நீலம் பூத்தாலோ, விடியும்வரை காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

இனிப் பரிசோதனைக்கு வருவோம். சந்தேகப்படும் பொருளின் சாற்றுத் துளியைக் கையில் வைத்து மெல்லக் குத்தி, 15 நிமிடங்கள் கழித்துத் தடிப்பை அளக்கிறார்கள். தடித்தால் உடம்பு அந்தப் பொருளுக்கு எதிராகத் தயாராகியிருக்கிறது என்று பொருள். ஆனால் இழுப்புக்கு அதுவேதான் காரணம் என்று அந்தத் தடிப்பு மட்டும் சொல்லிவிடாது, 7 என்பது 3ஐப் போல இரண்டு மடங்கு கடுமையானது என்றும் ஆகாது. பிள்ளை எங்கே, எதன் அருகில் இருக்கும்போது மூச்சு முட்டுகிறது என்பதையும் சேர்த்துத்தான் அந்தத் தாளைப் படிக்க வேண்டும். ஆஸ்துமா பொதுவாகவே விடியற்காலையில் கூடும் என்பதால் நேரத்தை மட்டும் வைத்து முடிவு கட்டவும் முடியாது. ஆனாலும் உங்கள் மகனின் விடயத்தில் நான் முதலில் படுக்கையைத்தான் சந்தேகிப்பேன்.

மலைக்காற்று நெஞ்சுக்கு நல்லது என்ற நம்பிக்கை பழையது. சுவிட்சர்லாந்தின் டாவோஸ் போன்ற உயர்ந்த இடங்களில் காற்று உலர்ந்திருப்பதால் தூசி உண்ணி அரிது. ஆஸ்துமாப் பிள்ளைகளை அங்கே அனுப்பிய காலமும் உண்டு. நமது மலைகளின் கதை வேறு. கண்ணுக்குத் தெரியாத இந்த உண்ணி, நாம் உதிர்க்கும் தோல் பொடியைத் தின்று, நீரைக் குடிக்காமல் காற்றின் ஈரத்திலிருந்தே உறிஞ்சி வாழ்வது. பனி மூடிய மாதங்களில் ஒரே காம்பராவுக்குள் சமையல், படுக்கை, நனைந்த துணி எல்லாம் இருக்கும்போது அதற்கு வேறென்ன வேண்டும்? ஒவ்வாமையைத் தூண்டுவது பெரும்பாலும் அதன் எச்சம். அது கனமானது என்பதால் காற்றில் அதிக நேரம் மிதக்காது. ஆனால் பிள்ளை புரண்டு கம்பளியை முகத்துக்கு இழுக்கும்போது மூக்கருகிலேயே கிளம்புகிறது. மகன் வெளியே இருக்கும் நேரத்தில் அந்தக் கம்பளியை ஜன்னல் வெயிலில் ஒரு தரம் உதறிப் பாருங்கள், ஒளிக்கீற்றில் எழும் தூசியின் அளவு தெரியும்.

விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒருமுறை சுடுநீரில் ஊறவைத்துத் துவையுங்கள். உண்ணி சாக 55 முதல் 60 பாகை வெப்பம் வேண்டும். இரண்டு பங்கு கொதிநீருக்கு ஒரு பங்கு பைப் தண்ணீர் சேர்த்தால் அது கிடைக்கும். பிள்ளைகளை அப்பால் வைத்துக்கொள்ளுங்கள். கம்பளி சுடுநீருக்குச் சுருங்கும் என்பதால் மகனுக்குத் துவைக்கக்கூடிய பருத்திப் போர்வை இரண்டைக் கொடுத்து, தும்பு மெத்தையையும் தலையணையையும் நல்ல வெயில் அடிக்கும் நாளெல்லாம் வெளியே போடுங்கள். மெத்தைக்கு உறை மட்டும் போட்டுவிட்டு நோய் தீர்ந்துவிடும் என்று எதிர்பார்ப்பது சரியல்ல.

அடுப்புப் புகை ஒவ்வாமைப் பொருள் அல்ல, தோல் பரிசோதனையில் அது தெரியவும் தெரியாது. ஆனால் ஏற்கெனவே வீங்கிய மூச்சுக்குழாயை ஈர மிலாற்றின் புகை இன்னும் இறுக்கும். விறகைக் காயவைத்தே எரியுங்கள். சமைக்கும் நேரத்தில் மகன் இஸ்தோப்பில் இருக்கட்டும்.

பூனையைத் தூக்கினால் தும்மல், கண் அரிப்பு, இழுப்பு வருகிறதா என்று கவனியுங்கள். வந்தால் கொடுத்துவிடுவதே நல்லது. வராவிட்டால் படுக்கையில் ஏறவிடாமல் வெளியே வைத்து, கிளினிக்கில் சொல்லுங்கள். கொடுத்தாலும் அதன் ஒவ்வாமைப் பொருள் வீட்டில் பல மாதங்கள் தங்கும், ஆகவே ஒரு வாரத்தில் மாற்றம் தெரியாது.

கேள்வி: கணவர் தேயிலைத் தொழிற்சாலையில் சல்லடையில் வேலை செய்கிறார். அவரது உடையில் வரும் தூசி ஆஸ்துமா உள்ள மகளைப் பாதிக்குமா?
– வாசகி, அப்புத்தளை

பதில்: உங்கள் சந்தேகம் நியாயமானது. தேயிலைத் தூசியால் தொழிலாளருக்கு ஆஸ்துமா வருவதை டொக்டர் சி. ஜி. உரகொட 1970இலேயே எழுதினார். வீட்டுக்கு வந்ததும் மகளைத் தூக்குவதற்கு முன் அவர் உடை மாற்றி முகம் கைகால் கழுவட்டும். அந்த உடை காம்பராவுக்குள் தொங்க வேண்டாம். அவருக்கே வேலை நாட்களில் நெஞ்சு இறுகி, லீவு நாட்களில் குறைகிறதென்றால், மகளுடன் அவரும் கிளினிக்குக்குப் போக வேண்டும்.